தாய்மாமனுக்கு மூன்று நிமிடம்

என் அக்கா மகள் அஸ்வினியின் கல்யாண வரவேற்பில் யார், எப்போது பேசுவது என்று பட்டியல் போட்டவன் நான்தான். மொத்தம் ஏழு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், அப்புறம் பந்தி. பெரிய மனிதர்தானே கடைசியில் பேசுவார்? அதனால் ஏழாவதாக 'தாய்மாமன் தேவா' என்று எழுதிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறாவதாக மைக்கைப் பிடித்தார் உப்புத் தொழிலாளர் சங்கத் தலைவர் வெற்றிச்செல்வன். பிடித்தவர் விடவே இல்லை. மணமக்களை ஒரு வரியில் வாழ்த்திவிட்டு, எண்பத்தேழில் தான் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் போய்விட்டார். இருபது நிமிடமாகியும் தொண்ணூற்றொன்றைத் தாண்டவில்லை. மண்டபத்து மாடியில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாக பக்கத்து உப்பளத்து நாரைகூட அதைக் கேட்டிருக்கும்.

பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசனைக்கு முன்வரிசையே நெளிந்தது. அக்கா சூர்யகலா என் காதில், "டேய் தேவா, சனங்க பசியில கீறாங்க. இவரு முடிச்சதும் நேரா பந்திதான். உன் பேச்செல்லாம் வீட்ல வச்சிக்க" என்றாள்.

மூன்று மாதமாக எழுதிய நாலு பக்கம் சட்டைப்பையில் இருக்கிறது. அப்பா இல்லாத பிள்ளை அஸ்வினி. அவளுக்காக நாலு பேர் முன்னால் நான் பேசாமல் வேறு எவன் பேசுவான்?

ஒரு துண்டுச் சீட்டில், 'மேற்கே மழை கருத்துக்கிட்டு வருது. உப்புக் குவியல் மூடாம கிடக்குது' என்று எழுதித் தலைவர் கையில் கொடுத்தேன். அவர் மட்டும் ஓடுவார், மைக் எனக்கு வரும் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனுஷர் மேடையில் எந்தச் சீட்டு வந்தாலும் மைக்கிலேயே படித்துப் பழகியவர். படித்துவிட்டார்.

உப்பளத்துக்காரர்களுக்கு மழை என்ற சொல் போதுமே! கல்யாணத்துக்காக அன்று எல்லோருமே குவியலை மூடாமல் வந்திருந்தார்கள். தலைவர் ஓடினார், சமையல்காரர் ஓடினார், மாப்பிள்ளை கிருபா கோட்டோடு ஓடினான். அஸ்வினி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாலையோடு அவனை முந்தினாள்.

காலி நாற்காலிகளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக்கை எடுத்தேன்.

"மழையும் இல்ல, மண்ணும் இல்ல. சீட்டு எழுதுன பேமானி நான்தான்."

நாலு பக்கத்தையும் பிரித்தேன். கண்ணில் தண்ணீர், ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டேன்.

"அஸ்வினி, ஸ்கூல்ல அப்பா கையெழுத்து கேட்டப்ப ரேங்க் கார்டை என்கிட்ட நீட்டுன. அன்னிக்குப் போட்ட கையெழுத்துதான் நான் உருப்படியா செஞ்ச ஒரே வேலை. நல்லா இரு கண்ணு."

எப்படிப் பார்த்தாலும் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

சற்று நேரத்தில் எல்லோரும் முழங்கால்வரை உப்புச் சேற்றோடு திரும்பினார்கள். முன்னால் வந்த அஸ்வினிக்குக் கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

"மாமா, குழாய் ஸ்பீக்கரு உப்பளத்தைப் பார்த்துதான் இருக்குது. அம்புட்டும் கேட்டுச்சி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே தலைவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி மேடையேறினார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"தொண்ணூத்தி ஒண்ணுல..." என்று ஆரம்பித்தார்.