வெள்ளைப் பையில் காபி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, நான் குடிக்காமல் விட்ட அரைக் கோப்பைக் காபியிலிருந்து பிறந்தது. பொகோட்டாவில், ஆறாம் மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில், அதைக் காகிதம் போடும் வெள்ளைப் பைக்குள் போட்டவன் நான்தான்.

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை...' (வேண்டாம். பொகோட்டாவில் மழை ஒரு சேதியா?)

மறுபடி. எங்களுக்குப் பத்து மணிக்குக் காபி கொடுப்பவள் நுபியா. குப்பையைப் பிரித்துக் கட்டுவதும் அவள் தலையில்தான். வெள்ளைப் பையில் காகிதமும் பாட்டிலும், பச்சையில் சாப்பாட்டு மிச்சம், கறுப்பில் மற்றதெல்லாம். அரசாங்க விதி. வெள்ளைப் பையை எடுத்துப் போய் விற்றுப் பிழைப்பவன் இழுவண்டிக்கார எலியேசர். காபியில் நனைந்த காகிதத்தை யாரும் வாங்குவதில்லை என்பதால் பையை வாசலிலேயே கொட்டி, நனையாததைப் பொறுக்குவான். இன்னொரு முறை வாசல் நாறினால் அவன் வரவே வேண்டாம், குப்பை லாரிக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று கட்டட நிர்வாகி சொல்லிவிட்டார்.

3

முதல் பிரதியில் நுபியா கோபக்காரி. சுவரில் அறிவிப்பு ஒட்டுகிறாள், எங்களை ஒரு பிடி பிடிக்கிறாள், பிறகு... அடித்துவிட்டேன். மூன்று அறிவிப்புகள் ஏற்கெனவே இருந்தன. நான் அவற்றின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உண்மையில் அவள் ஒரு காலை முழுக்க எங்களைச் சும்மா கவனித்தாள். நீட்டிய காபியை வேண்டாம் என்பது இங்கே மரியாதைக் கேடு. ஆகவே எல்லோரும் வாங்குவோம், இரண்டு மிடறு குடிப்போம், அவள் முதுகு திரும்பியதும் காலடியில் இருக்கும் பையில் போடுவோம். பாழாய்ப்போன மரியாதை!

அன்று மாலை வாசலில் (நான் அங்கே இல்லை, பிறகு எலியேசர் சொன்னது) அவள் சொல்லியிருக்கிறாள்:

"தப்பு பையில இல்ல தம்பி. என் காபியிலதான்."

"உங்க காபிக்கு என்னக்கா குறை?"

"குறையில்லன்னா மிச்சம் வைப்பாங்களா? எனக்காக வாங்கிக்கிறாங்கடா, பாவம்."

4

மறுநாள் அவள் காபி வண்டியில் ஒரு வாளி தொங்கியது. பதினொரு மணிக்கு மறுபடி சுற்றி வந்தாள். மிச்சத்தை இதில் ஊற்றுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றாள். வாளி பாதி நிறைந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வாரம் பை நனையவில்லை.

5

எலியேசர் பிழைத்தான் என்று முடிக்கலாம். லாரி வந்தது என்றும் முடிக்கலாம். என்னால் முடியவில்லை, ஏனென்றால் முதலில் எழுதி வேண்டாம் என்று விட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை இன்றுதான். கீழே எலியேசர் வண்டியோடு நிற்கிறான், பக்கத்தில் நிர்வாகி. நுபியா பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருக்கிறாள். அவளுக்குப் பதிலாகக் காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவன் நான்.

இந்தாருங்கள், உங்களுக்கும் ஒரு கோப்பை. வாளியையும் மாட்டி வந்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். என் முதுகு திரும்பட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். உங்கள் காலடியில் இருப்பது வெள்ளைப் பை.