பெட்டிக்கு இட்ட பொட்டு

ஃபைஸ் மண்டியிட்டு அமர்ந்து வன்தட்டின் கம்பியை நான்காம் முறையாகப் பிடுங்கிச் செருகினான். பூசையறை வாசலை ஒட்டிய பலகையில், சீட்டுக்கட்டளவே இருந்த அந்தச் சிறு கணினியின் பச்சை விளக்கு சிலமுறை துடித்து அடங்கியது. பக்கத்திலிருந்த ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை.

“டிஸ்க்கே இல்லன்னு சொல்லுது சார்,” என்றான். தெருமுனையில் செல்போன், கணினி பழுதுபார்க்கும் கடை அவனுடையது. “என் லேப்டாப்லயும் போட்டுப் பாத்துட்டேன். இந்த ஃபார்மேட்ட அது படிக்கல.”

திருமலை அந்தக் கணினிப் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அவருக்குத் தொண்டையில் அறுவை நடந்து ஏழாண்டுகள் ஆயின. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவருக்கு எஞ்சியது, காதருகே வந்தால் மட்டுமே கேட்கும் ஒரு மூச்சு.

கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் அவர் மனைவி மணியம்மாள் கிடத்தப்பட்டிருந்தாள். நேற்று மாலை வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள், அவ்வளவே.

மணியம்மாளின் தம்பி சக்திவேல் வந்து நின்றான். “மாமா, இன்னிக்குப் பௌர்ணமி. மூணு மணிக்கு மேல கிரிவலத்துக்கு ரோட்ட அடைச்சுட்டாங்கன்னா வண்டி நகராது. இப்பவே ரெண்டாவுது.”

“அப்பா, ஃபோன்ல போட்டுடலாம்பா,” என்றாள் மகள் அருணாதேவி. “அதே பதிகத்த எத்தனையோ பேர் பாடியிருக்காங்க.”

திருமலை மறுத்துத் தலையசைத்தார். அவர் குரல் நிறைந்திருந்த காலத்தில், மார்கழி விடியல் ஒன்றில், மணியம்மாள் வாக்கு வாங்கியிருந்தாள். ‘நான் முன்னாடி போனா இந்தப் பதிகத்த நீங்கதான் பாடணும். வேற யாரையாவது கூட்டியாந்து ஒப்பேத்திடாதீங்க.’ பின்னர் குரல் போயிற்று. அவர் பாடிய ஒலிநாடாக்களும் பூஞ்சை பிடித்து அழிந்தன. அதற்குமுன் மகள் அவற்றை இந்த வன்தட்டில் ஏற்றிவைத்திருந்தாள். ‘வாக்கை எப்படிக் காப்பேன்?’ என்று அவர் ஒருநாள் சீட்டில் எழுதிக் காட்டியபோது மணியம்மாள் சிரித்தாள். ‘அதான் பெட்டி இருக்குதே. உங்கள மாதிரி காபி கேட்டு உயிர வாங்காமப் பாடுது.’

நான்காண்டுகளாக ஒவ்வொரு வைகறையிலும் அந்தப் பெட்டி பாடிற்று. இழந்த தம் குரலைக் கேட்ட பிறகே அவர் படுக்கையை விட்டு எழுந்தார். இன்று அருணாதேவி சுவிட்சைப் போட்டபோது அது ஊமையாயிருந்தது.

“நாலு வருஷத்துல ஒரு நாள் கூட நின்னதில்லையே! தானாத்தானே பாடும்?” என்றாள் அவள்.

“எப்படிக்கா பாடியிருக்கும்?” ஃபைஸ் தலையைச் சொறிந்தான். “கம்ப்யூட்டர் முழிச்ச உடனே டிஸ்க்கத் தேடுது. இது பழைய டிஸ்க்கு, சுத்த ஆரம்பிக்கவே நேரம் எடுக்குது. அதுக்குள்ள கம்ப்யூட்டர் டிஸ்க்கே இல்லன்னு முடிவு பண்ணிடுது. அப்புறம் கழட்டி மாட்டினாலாவது வரணும். வேகமான நீலப் போர்ட்லதான் மாத்தி மாத்திப் போடறேன். அதுலயும் வரல.”

திருமலை குனிந்தார். கம்பி செருகும் நான்கு வாய்களில் இரண்டு நீலம், இரண்டு கறுப்பு. ஒரு கறுப்பு வாய்க்கு மேலே குங்குமப் பொட்டொன்று மங்கித் தெரிந்தது. அதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். ஆயுத பூசையில் மணியம்மாள் மிக்சிக்கும் தையல் எந்திரத்துக்கும் இட்டதுபோல இதற்கும் இட்டிருக்கிறாள் என்றே எண்ணியிருந்தார். இப்போது கம்பியின் முனையைத் திருப்பினார். அங்கும் ஒரு பொட்டு.

படுக்கையில் கிடந்தபடியே நாள்தோறும் அவர் கேட்ட ஓசைகள் நினைவில் வரிசையாய் எழுந்தன. முதலில் சுவிட்சு. பிறகு எண்ணெய்க் கிண்ணம். தீக்குச்சி உரசும் ஒலி. நெடிய மௌனம். அதன்பின் ‘டக்’கென்று ஒரு சிற்றொலி, அதனைத் தொடர்ந்து தம் குரல். அச்சிற்றொலி பெட்டிக்குள்ளிருந்து வருவதென்றே நான்காண்டுகள் நம்பியிருந்தார்; அது மணியம்மாள் கம்பியைச் செருகிய ஓசை.

ஃபைஸின் காதருகே குனிந்தார். “டிஸ்க்கக் கழட்டிட்டு, வெறும் பெட்டிய மட்டும் போடுப்பா.”

“சரிங்க சார்.”

பச்சை விளக்கு துடித்தது. திருமலை ஏற்றப்படாத குத்துவிளக்கின்முன் நின்று கண்மூடினார். எண்ணெய் வார்த்தல். திரியைத் தூண்டுதல். குச்சி. அவள் விழுந்து வணங்கி எழும் நேரம்.

“மாமா, நேரம் ஆவுதுங்க,” என்றான் சக்திவேல்.

“சும்மா இரு மாமா,” என்றாள் அருணாதேவி.

திருமலை கண்திறந்து, பொட்டிட்ட முனையைப் பொட்டிட்ட வாயில் செருகினார். ‘டக்’கென்றது. வன்தட்டு மெல்ல முனகிச் சுழன்றது.

குரல் எழுந்தது. பதிகத்தின் முதற்பாட்டு அவசரமின்றி, ஒவ்வோர் அடியிலும் நின்று, குளிர்ப்பெட்டியின் கண்ணாடிவரை சென்றது. அருணாதேவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபைஸ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். “பழைய டிஸ்க்குக்கு மெதுவான கறுப்புப் போர்ட்தான் ஒத்துக்குது போல. காரியமெல்லாம் முடியட்டும் சார். வந்து கம்ப்யூட்டர்ல ரெண்டு வரி ப்ரோகிராம் எழுதி வெச்சுடறேன். டிஸ்க் வர்ற வரைக்கும் அதுவே காத்திருக்கும். நீங்க எதையும் தொடவே வேணாம்.”

திருமலை அவன் தோளில் கைவைத்து, வேண்டாமென்று தலையசைத்தார்.

குளிர்ப்பெட்டியிலிருந்து உடலை எடுத்துப் பாடையில் கிடத்தினார்கள். பெண்களில் ஒருத்தி குங்குமத் தட்டை நீட்டினாள். “பொட்டு வைங்கண்ணா. கடைசிப் பொட்டு.”

மோதிரவிரலில் குங்குமம் தொட்டு மணியம்மாளின் நெற்றியில் வைத்தார். நெற்றி குளிர்ந்திருந்தது. சக்திவேலும் மற்றவர்களும் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள்.

“அப்பா, வாங்க,” என்றழைத்தாள் அருணாதேவி.

அவர் திரும்பிப் பலகையருகே சென்றார். பெட்டி எட்டாம் பாட்டில் இருந்தது. விரலில் எஞ்சிய குங்குமத்தை, கம்பி அசையாதவாறு ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கறுப்பு வாயின் மேலிருந்த பழைய பொட்டின் மீதே அழுத்தி வைத்தார்.