மிச்ச மருந்து

டிரம்மில் கலக்கிய களை மருந்து ஒன்றரை டேங்க் மிஞ்சிப் போனது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

பக்கத்து நிலத்துக்காரர் சோளம் மட்டும் போட்டிருந்தார். அதற்குள் வந்த களைக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டிருந்தார். மருந்துக்காரர் என்றால் சுற்றுவட்டாரத்தில் இவன் ஒருவன்தான். வயது முப்பத்தி நாலு ஆகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. குழந்தைகள்கூட ‘மருந்துக்காரரே’ என்றுதான் கத்தும். எந்த நிலத்துக்கு எத்தனை டேங்க் பிடிக்கும் என்று வரப்பில் நின்று பார்த்தே சொல்லிவிடுவான். அன்றைக்கு மட்டும் கணக்கு தப்பிவிட்டது.

மிஞ்சியதைக் கீழே கொட்டலாம் என்றால் கிணறு கிட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. அப்போதுதான் வரப்புக்கு இந்தப் பக்கம் அண்ணியின் நிலம் கண்ணில் பட்டது. நீளமான ஒரு துண்டு, அதிலும் சோளம், முழங்கால் உயரம். இடையில் பச்சைப் பச்சையாக என்னென்னவோ முளைத்துக் கிடந்தது. அண்ணி இரண்டு வாரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அன்று காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அண்ணனோ வெளியூர் வேலையில் இருக்கிறான், நாலு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு வாரம் தூங்கிவிட்டுப் போவான். குனிந்து களை எடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

‘வந்து பாக்கட்டும், ஒரு களை இருக்காது. அசந்து போயிடுவாங்க’ என்று நினைத்துக்கொண்டான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, டேங்கை முதுகில் ஏற்றி, ஒரு வரிசை விடாமல் அடித்தான்.

கடைசி வரிசையில் செருப்பு வார் அறுந்தது. குனிந்தபோதுதான் பார்த்தான். மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்த இரட்டை இலை. விதைத் தோலை இன்னும் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. களை இல்லை. தட்டைப்பயறு. ஒரு சாண் தள்ளி இன்னொன்று, மெலிசாக, மூன்று இலையோடு. துவரை. அப்புறம் மறுபடி பயறு. அளந்து வைத்தது போல வரிசையாக.

காதிலிருந்து பாட்டைப் பிடுங்கினான்.

சோளத்தை ஒன்றும் செய்யாத மருந்து அது. அகல இலை எது இருந்தாலும் விடாது. அதை அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. அண்ணி சோளம் விதைத்து, முதல் களை எடுத்துவிட்டுத்தான் இடையில் பயறும் துவரையும் ஊன்றுவாள். இதுவும் தெரியாததில்லை. பதினோரு வருடமாக அந்தப் பயறைத்தானே தின்கிறான்! தட்டில் பார்த்தவனுக்கு மண்ணில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை. டேங்கைக் கழுவினான். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

தினமும் அண்ணி வீட்டில்தான் சாப்பாடு; சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் போனான். அண்ணி இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

“டாக்டர் குனியவே கூடாதுங்கிறாரு தம்பி. நான் சொன்னேன், சார், எங்க பயறு படர்ந்துட்டா களையை அதுவே அமுக்கிடும், இன்னும் பத்து நாள்தான் குனிவேன்னு. அவரு சிரிக்கிறாரு. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்மா நீங்கன்னாரு.”

களையை அமுக்கத்தான் பயறே. அதைக் களை என்று நினைத்து அடித்திருக்கிறான். அவன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தான். நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு வலியோடு இருக்கிறாள் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பயறு தானே சொல்லிவிட்டது. இலை கிண்ணம் போலக் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, செடி ஒவ்வொன்றும் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நடுவில் சோளம் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது மாதிரி பளபளவென்று நின்றது.

அண்ணி வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

“நீ தொழில் தெரிஞ்சவன். பார்த்துச் சொல்லு. என்ன நோய் இது?”

ஒரு செடியைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தெரியலையே அண்ணி. விசாரிக்கிறேன்.”

“தளிர் விட்டு வந்துடுமா?”

“பார்க்கலாம்.”

வராது என்று அவனுக்குத் தெரியும்.

டீக்கடையில் அதற்குள் பேச்சு வந்துவிட்டது. தையல்காரர் ஒருவர் தினமும் அங்கே பேப்பர் படிப்பார். ஊர்ச் சங்கதி எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“என்ன மருந்துக்காரரே, உங்க அண்ணி நிலத்துல பயறெல்லாம் சுருண்டு கிடக்காமே? பக்கத்துலதான நீங்க அடிச்சீங்க. காத்துல மருந்து பறந்திருக்குமோ?”

கடைக்காரர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் பார்த்தார்கள். பறந்திருக்கும் என்று சொன்னால் நாளையிலிருந்து ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். அவன் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“காத்தா? நான் அடிச்சா பக்கத்து இலை நனையாது அண்ணாச்சி. அதெல்லாம் விதைக் கோளாறு. எத்தனை வருஷமா அதே விதையை டப்பாவுல அடைச்சு வெச்சு அதையே போடுறாங்க? உள்ளுக்குள்ளேயே நோய் இறங்கியிருக்கும்.”

“அப்படிப் போடு” என்றார் தையல்காரர். “விதையா அது, பரம்பரைச் சொத்து! ஊறுகாய் மாதிரில்ல வெச்சிருக்காங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான்.

சிரித்ததைத்தான் பிறகு அவனால் மறக்க முடியவில்லை. பொய்யைக்கூட பயத்தில் வந்தது என்று தள்ளிவிடலாம். சிரிப்புக்கு என்ன சாக்கு சொல்வது?

அண்ணியின் விதைக்கு அந்தப் பக்கம் ஒரு மரியாதை உண்டு. மழை பாதியில் ஏமாற்றினால் சோளம் காய்ந்து போகும். துவரை வேரை ஆழத்துக்கு இறக்கிக்கொண்டு நிற்கும். அதுவும் போனால், சீக்கிரம் காய்க்கிற பயறு அதற்குள் வீட்டுக்கு வந்திருக்கும். ஏதாவது ஒன்று அடுப்பு ஏறும். அப்படி மழையில்லாத மூன்று வருடம் தாங்கிய விதை அது. வருடா வருடம் நாலு வீட்டுக்குக் கொடுப்பாள். விளைந்ததும் வாங்கின அளவைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பாள். பாதியைத்தான் விதைப்பாள். மீதியைச் சாம்பல் கலந்து டப்பாவில் அடைத்து, மூடிக்கு மெழுகு வைத்துவிடுவாள். அந்த டப்பாவை ஒரு வருடமும் காலி செய்ததில்லை.

டீக்கடைப் பேச்சு இரண்டே நாளில் அடுப்படிகளுக்குப் போய்விட்டது. அந்த வாரக் கடைசியில் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது மூலையில் நாலு துணிப்பைகள் இருந்தன.

“விதையைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க தம்பி. நாலு வீட்டுலயும்” என்றாள் அண்ணி. குரலில் அழுகை இல்லை; கடையில் சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “ஒருத்தி இடம் இல்லைங்கிறா, ஒருத்தி இந்த வருஷம் பயறு போடலைங்கிறா. நாலாவது வீட்டுக்காரிதான் நேரா சொன்னா. அக்கா, உங்க விதையில நோய் இருக்காம், எங்க மண்ணுல ஒட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு.”

அவன் வாயில் சோறு இருந்தது.

“நானும் யோசிச்சுப் பார்த்தேன். போன வருஷம் காய வைக்கிறப்போ ரெண்டு நாள் மேகமா இருந்துச்சு. அவசரப்பட்டு அள்ளிட்டேன். என் தப்பாத்தான் இருக்கும்.”

“அண்ணி...”

“என்ன, இன்னும் கொஞ்சம் போடவா?”

“இல்ல. போதும்.”

“போன வருஷத்து மிச்சம்தான் இந்தப் பைகள்ல போச்சு. டப்பாவுல இருக்கிறது அதுக்கு முந்தின வருஷத்து விதை. அது சுத்தமா காஞ்சது. நாளைக்கு அதை ஊன்றிடப் போறேன். ஈரம் இன்னும் நாலு நாள்தான் தாங்கும். இதைவிட்டா இந்த வருஷம் பயறே கிடையாது.”

மண்ணில் மருந்து இன்னும் இருக்கிறது. நல்ல மழை ஒன்று பெய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதம் போகவேண்டும். அதற்குள் ஊன்றினால் அந்த விதையும் முளைத்து, சுருண்டு, சாகும். டப்பா காலி. அப்புறம் மிஞ்சுவது, நோய் என்று யாரும் தொடாத அந்த நாலு பைதான்.

“இடுப்பு வலியோட எதுக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

“அடுத்த வாரம் ஈரத்தை நீ முதுகுல சுமந்துட்டு வருவியா?” என்று சிரித்தாள் அண்ணி.

விடிந்து அவன் போய்ச் சேர்ந்தபோது ஆறு வரிசை முடிந்திருந்தது. அண்ணி குனியவில்லை. முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் குத்துக்கம்பு, மடியில் டப்பா. ஒரு குழி, மூன்று விதை, உள்ளங்கையால் ஒரு தட்டு. அடுத்த குழி. பின்னால் செத்த செடிகளைப் பிடுங்கி வரப்பில் குவித்திருந்தாள்.

“அண்ணி, நிறுத்துங்க.”

“வா வா. அந்தக் கோடியிலிருந்து நீ ஆரம்பி. சீக்கிரம் முடியும்.”

“ஊன்றாதீங்க. இதுவும் செத்துப்போயிடும்.”

“வாயைக் கழுவுடா. காலங்காத்தால என்ன பேச்சு?”

“மண்ணுல மருந்து இருக்கு.”

கம்பு பாதிக் குழியில் நின்றது. அவன் சோளத் தட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

“நான்தான் அடிச்சேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனீங்கல்ல, அன்னிக்கு. பக்கத்துல அடிச்சது மிஞ்சிப்போச்சு. உங்களுக்கு இடுப்பு வலின்னு... களைன்னு நெனச்சு... கடைசி வரிசையிலதான் பார்த்தேன்.”

அண்ணி கம்பைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். பிறகு அண்ணி கேட்ட முதல் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை.

“சோளத்துக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது.”

“மண்ணைவிட்டு எப்போ போகும்?”

“நல்ல மழை ஒண்ணு பெஞ்சா. இல்லன்னா ஒரு மாசம்.”

“அப்போ நின்னுக்கிட்டு என்ன வேடிக்கை? தோண்டு.”

முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தது விதை. விரலால் கிளறி, ஊதி, எடுத்து, டப்பாவில் போடவேண்டும். ஒரு குழிக்கு மூன்று. சிலதில் இரண்டுதான் கிடைத்தது. மூன்றாவதைத் தேடி அவன் குழியை உள்ளங்கை அகலத்துக்குப் பறித்தான். சிலதை எறும்பு முந்திக்கொண்டது. வெயில் ஏறியது. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது அவனுக்கு.

நாலாவது வரிசையில் நிறுத்தி, நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்தாள்.

“ஒண்ணு கேக்கணும். விதையில நோய்ன்னு டீக்கடையில பேச்சை ஆரம்பிச்சது யாரு?”

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. கடைக்காரர் என்றோ தையல்காரர் என்றோ சொல்லிவிடலாம். அவன் கைநிறைய மண்ணோடு உட்கார்ந்திருந்தான்.

“நான்தான் அண்ணி.”

அவள் முகம் மாறியது அப்போதுதான். மருந்தடித்தேன் என்றபோதுகூட அப்படி மாறவில்லை.

“பயிரைக் கொன்னது தெரியாம செஞ்ச. அதை விடு. இதைத் தெரிஞ்சு செஞ்சிருக்க. அத்தனை நாளும் என் கையால வாங்கித் தின்னுட்டு, நான் என் தப்புன்னு சொல்றதையும் கேட்டுட்டு, இன்னும் கொஞ்சம் போடவான்னா போதும்னு சொன்னியேடா!”

வெயிலில் அவன் நிழல் அவனுக்குக் கீழேயே சுருங்கிக் கிடந்தது. அதற்குள் ஒளிந்துகொள்ள முடிந்தால் ஒளிந்திருப்பான்.

ஆறு வரிசையும் முடிந்தது. டப்பா கழுத்துவரை வந்தது, நிரம்பவில்லை. அண்ணி அதை மூடினாள்.

“வீட்டு மூலையில நாலு பை இருக்கு. எடுத்துட்டுப் போய் நாலு வீட்டுலயும் கொடு. சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடு. டீக்கடையிலயும் சொல்லு. அண்ணி அனுப்பிச்சாங்கன்னு சொல்லாத. நீயா வந்ததா இருக்கட்டும்.”

“சரி அண்ணி.”

“அதுவரைக்கும் சாப்பிட வராத.”

முதல் வீட்டுக் கதவைத் தட்டியபோது நகத்தில் மண் இருந்தது. கதவைத் திறந்தவள் அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன மருந்துக்காரரே, டேங்கைக் காணோம், பையோட நிக்கிறீங்க?”

“அண்ணி விதையில ஒரு நோயும் இல்லைங்க. நான்தான்... மிச்ச மருந்தை அவங்க நிலத்துல தெரியாம அடிச்சிட்டேன். பயறு அதுலதான் செத்துச்சு. விதை நோய்ன்னு சொன்னது பொய். நான் சொன்ன பொய்.”

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். வெளியே வந்தபோது அவ்வளவுதானா என்று இருந்தது. இத்தனை நாள் இதையா சுமந்தான்?

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பாவம் என்றோ, பரவாயில்லை என்றோ அவள் சொல்லக்கூடும் என்று அவனுக்குள் ஒரு சின்ன ஆசை இருந்தது.

“எங்க நிலத்துல மிச்சம் மீதி எதுவும் அடிச்சிருக்கியா?” என்றாள். இதுவரை ‘நீங்க’ என்றவள்.

“இல்லைங்க. சத்தியமா இல்லை.”

“ம்.” பையை வாங்கி உள்ளே வைத்தாள். “அக்காகிட்ட நான் அப்புறமா வந்து பேசிக்கிறேன்னு சொல்லு.” கதவு மூடியது.

இன்னும் மூன்று பைகள் இருந்தன. ஒருமுறை சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தான். அடுத்த வீட்டில் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது.

அங்கே கதவு திறந்தே இருந்தது. தட்டுகிற வேலைகூட இல்லை.