ஏற்றத்தில் நின்ற லாரி

இரண்டாவது லாரியும் இன்ஜின் ஜாம் ஆகி நின்ற அன்று, பன்னீர்செல்வம் எண்ணெய் திருடி விற்கிறவன் என்று பட்டறையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சாலை வேலைக்காக அந்த வருஷம் போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்து இறங்கிய புது டீசல் லாரிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. ஒரே குவாரியில் கல் ஏற்றிக்கொண்டு, ஒரே மலை ஏற்றத்தில் ஏறி, ஒரே இடத்தில் கொட்டிவிட்டு வந்தன. மற்றவர்கள் கையில் அவை நன்றாகத்தான் ஓடின. பன்னீர்செல்வத்திடம் கொடுத்த லாரி மட்டும் பொங்கல் கழிந்து ஒரு நாள் ஏற்றத்தின் உச்சியில் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றது. பிரித்துப் பார்த்தால் பேரிங்குகள் கருகிக் கிடந்தன. போகட்டும் என்று வேறொரு புது லாரியைக் கொடுத்தார்கள். மாசி முடிவதற்குள் அதற்கும் அதே கதி.

"உன் கை பட்டா இன்ஜின்கூட சாமியாராயிடுதுப்பா," என்றான் ஜெயமணி. அவனும் அந்த வழியில் கல் ஓட்டுகிற டிரைவர்தான். "எண்ணெய் வேண்டாம், மோட்சம் போதும்னு நடுரோட்டுல உட்கார்ந்துடுது."

பட்டறையில் சிரித்தார்கள். பன்னீர்செல்வம் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை.

இன்ஜினியர் ஜெகநாதன் அவனை டெலானிபூர் ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர். மேஜை மேலிருந்த முருகன் படத்துக்கு ஒரு செம்பருத்தியாவது வைக்காமல் நாற்காலியில் உட்கார மாட்டார்.

"பேரிங் கருகியிருக்குன்னா எண்ணெய் போகலைன்னு அர்த்தம், பன்னீர். ஆனா எண்ணெய் அளக்கிற குச்சியை விட்டுப் பார்த்தா எண்ணெய் நிறைய இருக்கு. எப்படி?"

"தெரியல சார்."

"நீ எண்ணெயை வடிச்சு வித்துட்டு, காலியா ஓட்டி, வண்டி நின்னப்புறம் மறுபடி ஊத்தி வச்சுட்டேன்னு பேசிக்கிறாங்க. எனக்கு நம்பத் தோணல. அதுக்காக நான் சும்மா விட முடியாது. வழியில எங்கேயாவது நிறுத்தினியா? யாராவது வண்டியைத் தொட்டாங்களா?"

பன்னீர்செல்வம் முருகன் படத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"எங்கேயும் நிறுத்தல சார்."

அந்த விசாரணையில் அவன் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. குற்றம் உறுதியானால் வேலை போகும். திருடன் என்ற பெயரோடு மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். இந்தச் சின்னத் தீவில் அந்தப் பெயரோடு வேறு எவரும் வேலை தரமாட்டார்கள்.

ஜங்லிகாட்டில் தகரம் வேய்ந்த அவர்கள் வீட்டில் ருக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"ஏன், அந்த மரகதம் அக்கா வீட்டுக்குத் தண்ணி ஊத்தத்தான் நிறுத்துவேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா?"

"சொன்னா என்ன, தலையையா வாங்கிடுவாங்க?"

"தண்ணியை நிறுத்திடுவாங்க," என்றான் பன்னீர்செல்வம்.

மரகதமும் அவள் புருஷன் பரமசிவமும் பர்மாவிலிருந்து வந்த அகதிகள். அந்த மலை ஏற்றத்தின் நடுவில், ரோட்டோரம் அவர்களுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். காட்டைத் திருத்தும்போது மரம் ஒன்று சாய்ந்து பரமசிவத்தின் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் கட்டிலைவிட்டு எழுந்ததில்லை. மழைக்காலத்தில் கவலையில்லை, கூரையிலிருந்தே குடம் நிரம்பும். மழை நின்று தை பிறந்தால், மலையடிவாரத்தில் குவாரிக்குப் பக்கத்தில் ஓடும் நாலா என்கிற ஓடையில்தான் தண்ணீர். எழ முடியாத மனிதரைத் தனியே விட்டுவிட்டு மரகதம் இறங்கி ஏற வேண்டும்.

ஒரு நாள் அவள் குடத்தோடு மூச்சுவாங்க நிற்பதைப் பார்த்த பன்னீர்செல்வம், அடுத்த நாளிலிருந்து குவாரியில் கல் ஏற்றும்போதே ஒரு டிரம்மில் நாலாத் தண்ணீரை நிரப்பி வண்டியில் வைத்துக்கொண்டான். கேட்டவர்களிடம் ரேடியேட்டருக்கு என்றான். ஏற்றத்தின் நடுவில் அவள் குடிசை முன்னால் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் ஏறிக் குடம் குடமாக இறக்குவான். இன்ஜினை அணைக்க மாட்டான். அந்தமானில் அப்போது யாருமே அணைப்பதில்லை. பாட்டரி தீர்ந்தால் புதியது கப்பலில் வர வேண்டும். காலையில் கிளப்பிய வண்டி சாயங்காலம்வரை உறுமிக்கொண்டேதான் இருக்கும்.

பழைய லாரியில் இப்படி இரண்டு கோடை போயிற்று. ஒரு குறையும் வரவில்லை. சர்க்கார் வண்டியில் வெளியார் சாமான் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஒரு மூட்டை விறகு ஏற்றி வந்ததற்காக ஒருவன் வேலையை இழந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதனால் தண்ணீர் விஷயத்தை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

"உங்க வேலை போனா மட்டும் தண்ணி தானா மேலே ஏறிப் போயிடுமா?" என்று கேட்டாள் ருக்கு. "ஜெயமணி அண்ணன்கிட்டயாவது சொல்லுங்களேன். அவர் அந்த வழியாத்தானே தினம் போறார்."

"அவன் வாயில விழுந்தா ஆபீஸ் முழுக்கப் பரவிடும். ரெண்டு நாள் பொறு. விசாரணை முடிஞ்சுடும். நானே போயிடுவேன்."

விசாரணை முடியவில்லை. அவன் தினமும் விடியலில் குளித்து, திருநீறு பூசி, பட்டறை வாசலில் போய் நின்றான். உள்ளே கூப்பிடுவார் இல்லை. சூரியன் ஏற ஏற, மலையில் அந்தக் குடங்கள் காய்ந்து கிடப்பது அவன் கண்ணில் வந்து நின்றது. நல்லதையும் திருட்டுப் போல ஒளித்துச் செய்தால், இக்கட்டு வந்த நாளில் அதற்குத் துணை நிற்க ஆள் இருக்காது. அது அவனுக்கு அப்போது தெரியவில்லை. ரகசியமாக இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் பத்திரமாக இருக்கிறது என்றே நம்பினான்.

மலை ஏற்றத்தில் ஜெயமணி அந்த அம்மாளைத் தினமும் பார்த்தான். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஹாரன் அடிப்பான், அவள் புல்லில் ஒதுங்குவாள், செம்மண் தூசி அவள்மேல் படிய வண்டி போய்விடும்.

பங்குனியில் ஒரு நாள் ஹாரன் அடித்தும் அவள் ஒதுங்கவில்லை. ரோட்டின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிறைகுடம்.

"ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதானா கிடைச்சது?" என்று கத்திக்கொண்டே ஜெயமணி இறங்கினான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணி தண்ணின்னாரு. எடுத்துட்டு வரேன்னு ஓடினேன். வந்து பார்த்தா வாங்கிக் குடிக்க ஆள் இல்ல, தம்பி."

ஜெயமணி குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். கட்டிலில் பரமசிவத்தின் வாய் லேசாகத் திறந்தபடி இருந்தது. அந்த வாயாடி அப்படியே வண்டிக்கு ஓடினான். குவாரிக்குப் போய் ஆட்களைக் கூட்டிவந்து, விறகு வெட்டச் செய்து, பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடித்தான். அந்தக் குடத்துத் தண்ணீரில்தான் பரமசிவத்தைக் குளிப்பாட்டினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு மரகதம் கேட்டாள்:

"பன்னீர் தம்பிக்குச் சொல்லணும். ஏன் அது வரதேயில்ல? உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"பன்னீரா? அவன் எதுக்கும்மா இங்க வரான்?"

"அதுதானே எங்களுக்குத் தண்ணி ஊத்தும். ரெண்டு கோடையா ஊத்துது."

ஜெயமணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். "தினம் உங்களைப் பார்த்தேன்மா," என்றான். "தினம் ஹாரன் அடிச்சேன்."

துக்கத்தின் மூன்றாம் நாள் முடிந்ததும், சட்டத்தைப் பார்க்காமல் அவளைத் தன் லாரியில் முன்னால் உட்கார வைத்து டெலானிபூருக்கு ஓட்டி வந்தான். பட்டறை வாசலில் நின்றிருந்த பன்னீர்செல்வத்தையும் ஏற்றிக்கொண்டான். ஏறும்போதே பரமசிவம் போன செய்தியைக் கேட்ட பன்னீர்செல்வம் கல் ஏற்றும் பின்பலகையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

ஜெகநாதன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளியாளை ஏத்திட்டு வந்திருக்கியே ஜெயமணி, என்ன இது?"

"என் சம்பளத்தைப் பிடிச்சுக்குங்க சார். முதல்ல இந்தம்மா சொல்றதைக் கேளுங்க."

மரகதம் சொன்னாள். யார்மேலும் குறை சொல்லவில்லை. டிரம், குடம், கல் முட்டு என்று நடந்ததை மட்டும் சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்த ஜெகநாதன் சட்டென்று முன்னால் குனிந்தார்.

"வண்டி உங்க வீட்டு முன்னால நிக்கும்போது இன்ஜின் ஓடிட்டிருக்குமா?"

"தடதடன்னு ஓடிட்டேதான் இருக்கும் ஐயா. அந்தச் சத்தம் கேட்டாலே எங்க வீட்டுக்காரர் 'தம்பி வந்துட்டான்'னு சிரிப்பாரு."

"ரொம்ப நேரம் நிக்குமா?"

"எல்லாக் குடமும் நிறையணுமே. நின்னு, ரெண்டு வார்த்தை அவர்கிட்ட பேசிட்டுத்தான் போகும்."

ஜெகநாதன் எழுந்துவிட்டார். "ஏற்றத்துல மூக்கைத் தூக்கிக்கிட்டு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "வாங்க. வண்டியை அங்கேயே கொண்டு போய்ப் பார்ப்போம்."

ஜெயமணியின் லாரியை அதே இடத்தில், மரகதத்தின் குடிசை முன்னால் நிறுத்தி, கல் முட்டுக் கொடுத்தார்கள். இன்ஜினை ஓட விட்டுவிட்டு ஜெகநாதன் டிரைவர் இடத்தில் உட்கார்ந்து எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்தார். முதலில் அது அசையவில்லை. பிறகு மெல்ல நடுங்கியது. நடுங்கி நடுங்கி, கைப்பிடி நழுவுகிறவனைப் போலக் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. இன்ஜின் சத்தத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முள் அடியைத் தொட்டதும் அவர் அவசரமாக அணைத்தார்.

அந்த நிசப்தத்தில் நாலாவின் ஓசை கீழிருந்து கேட்டது.

"பழைய வண்டியில எண்ணெயை உறிஞ்சுற குழாய் தொட்டிக்கு நடுவுல இருக்கும்," என்று இறங்கி வந்து சொன்னார். "இதுல தொட்டிக்கு முன்பக்கத்துல வச்சிருக்கான். மேட்டுல நின்னா எண்ணெய் எல்லாம் பின்னால ஓடிப் போகுது. குழாய் காத்தை உறிஞ்சுது. ஓடும்போது குலுக்கல்ல கொஞ்சம் கிடைச்சுடும், நின்னா கிடைக்காது. சமதரையில எத்தனை தடவை பிரிச்சுப் பார்த்தாலும் நமக்கு எங்கே தெரியப் போகுது! யாரோ வரைஞ்சவன் மலையைப் பார்த்ததே இல்ல போல." பன்னீர்செல்வத்தின் தோளில் கை வைத்தார். "தப்பு உன் கையில இல்லப்பா. வண்டியோட வயித்துலயே இருந்திருக்கு. நீ பின்னால குடத்தோட நின்னுட்டிருந்ததால முள்ளையும் பார்த்திருக்க முடியாது."

பன்னீர்செல்வத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"முதல் நாளே ஏன் சொல்லல?" என்று ஜெகநாதன் கேட்டார்.

"சொன்னா தண்ணியை நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன் சார்."

ஜெகநாதன் பொய் சொல்லத் தெரியாதவர்.

"நிறுத்தித்தான் இருப்பேன்," என்றார். "வேற வழி யோசிச்சிருப்பேனான்னு இப்ப எப்படிச் சொல்றது? முருகனுக்குத்தான் தெரியும்."

குடிசை வாசலில் காலிக் குடங்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மரகதம் அவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

பன்னீர்செல்வத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. திருடன் என்றவர்கள் ஒவ்வொருவராக டீ வாங்கிக் கொடுத்தார்கள். கம்பெனிக்கு எழுதியாயிற்று, பதில் வரக் கப்பல் பல வர வேண்டும். அதுவரை எந்த லாரியும் ஏற்றத்தில் நிற்கக்கூடாது, உச்சியிலுள்ள சமதரையில்தான் நிற்கலாம் என்று பட்டறைச் சுவரில் எழுதிப்போட்டார்கள். அந்த உத்தரவைச் சொல்லும்போது ஜெகநாதன், "உச்சியில நின்னா, டிரைவர் என்ன இறக்கிக்கிட்டுப் போறார்னு நான் கேக்கறதில்ல," என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

முதல் நாள் பன்னீர்செல்வம் குவாரியில் கல் ஏற்றிவிட்டு டிரம்மையும் நிரப்பிக்கொண்டான். ஏற்றத்தின் நடுவில் நிற்காமல் போவது அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலில் மரகதம் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உச்சியில் வண்டியை நிறுத்தி, இரண்டு டின்களில் மொண்டுகொண்டு கால் வழுக்காமல் இறங்கினான். சிந்தியது போக டின்னுக்கு முக்கால்தான் மிஞ்சியது.

"எனக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்றாள் மரகதம். "ஒரு ஆளுக்கு ஒரு குடம் தாராளமாப் போதும்."

அவன் டின்களைக் கீழே வைத்துவிட்டு நின்றான். உள்ளே கட்டில் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மன்னிச்சுடுக்கா. ஒரு வார்த்தை ஜெயமணிகிட்ட சொல்லியிருந்தேன்னா..."

"இதையே ஜெயமணி தம்பியும் சொல்லிட்டுப் போச்சு, ஒரு தடவை நிறுத்தியிருந்தேன்னான்னு. எத்தனை பேரைத்தான் நான் தேத்தறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மேலே இன்னொரு லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரிவில் கற்கள் உருள, ஜெயமணி இரண்டு கையிலும் டின்னோடு தடுமாறி இறங்கி வந்தான். பன்னீர்செல்வத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றான்.

"என்ன பார்க்கறே? ரேடியேட்டருக்குக் கொண்டு வந்தேன்," என்றான்.

"ரேடியேட்டர் மேலேல்ல இருக்கு."

"வழி தவறிட்டேன். போய்யா."

மரகதம் இருவரையும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், ஜெயமணியின் சட்டை வியர்வையில் ஒட்டியிருப்பதைக் கண்டாள். எழுந்து போய், கவிழ்ந்து கிடந்த குடங்களில் ஒன்றை நிமிர்த்தினாள். பிறகு இன்னொன்றை. பிறகு எல்லாவற்றையும்.

"ஊத்துங்க," என்றாள்.

ஊற்றி முடிந்ததும் செம்பில் மொண்டு, முதலில் ஜெயமணியின் கைகளில் வார்த்தாள். அவன் குனிந்து குடித்தான்.