பெரியவள் தூக்கிய கொடி

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவளை மாமியார் பெரியவள் என்பாள், இளையவனுக்கு வாழ்க்கைப்பட்டவளைச் சின்னவள் என்பாள். மாமியார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

பெரியவள் கல்லூரியில் உடற்கல்வித் துறை விரிவுரையாளர். முதலாண்டு மாணவர்களுக்குத் தடகளமும் இரண்டாம் ஆண்டுக்கு நடுவர் பயிற்சியும் அவள் பொறுப்பு. அங்கேயேதான் அவளும் படித்தாள். படிக்கிற காலத்தில் குண்டு எறிதலில் அவள் வைத்த சாதனை, உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் பச்சைப் பலகையில் இன்னும் இருக்கிறது. ஓட்டம், தாண்டுதல், ஈட்டி என்று மற்ற வரிகளையெல்லாம் அழித்து அழித்து எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வரியில் மட்டும் பெயின்டர் தூரிகை படவே இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் பார்க்காத மாதிரி நடப்பாள். ஆனால் நடை கொஞ்சம் மெதுவாகும்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில்தான் இருந்தாள். புருஷன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். பொழுது போகவில்லை என்று ஒருநாள் பெரியவளிடம் வந்து, உங்க கல்லூரியில ஏதோ ஒரு வருஷப் பட்டயப் படிப்பு இருக்காமே, பயிற்சியாளர் ஆகலாமாமே, நான் சேரட்டுமா என்று கேட்டாள். பெரியவள் முழு மனசோடுதான் தலையாட்டினாள். யோகாவோ பூப்பந்தோ எடுத்துக்கொண்டு, மரத்தடியில் நாலு பேரோடு சிரித்துப் பேசிவிட்டு வருவாள் என்று நினைத்தாள்.

முதல் வாரத்தில் எல்லோரையும் எல்லா விளையாட்டும் ஆடவிட்டுப் பார்ப்பது அந்தப் படிப்பின் வழக்கம். குண்டு எறியும் வட்டத்துக்கு வரிசை வந்தபோது சின்னவள், கடையில் பூசணிக்காயை வாங்கிக் கையிலேயே எடை பார்ப்பது போல அந்த இரும்பை ஒருமுறை ஏந்திப் பார்த்தாள். பிறகு கழுத்தோரம் வைத்துத் தள்ளினாள். அது போய் விழுந்த இடத்தைப் பார்த்து, பக்கத்து மைதானத்தில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்தினார்கள். துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே, உங்க வீட்டுத் தண்ணியிலேயே ஏதோ இருக்கு மேடம் என்றார். பெரியவளும் சிரித்தாள். உள்ளே எங்கோ ஒரு தீக்குச்சி உரசியது அப்போதுதான்.

அந்தத் தீயை ஊதி வளர்த்தது மாமியார்.

பெரியவள் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் ஒரு பெரிய போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். காலணியை எடுத்துப் பையில் வைத்தவளிடம் மாமியார், கல்யாணம் ஆனவளுக்கு இரும்புக் குண்டோடு என்ன வேலை, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். புருஷன் அம்மா முகத்தையும் பெண்டாட்டி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொண்டான். பெரியவள் பையைப் பிரித்துக் காலணியை வெளியே எடுத்து வைத்தாள். அதோடு சரி.

அதே மாமியார் இப்போது விடிவதற்குள் எழுந்து சின்னவளுக்கு முட்டை அவிக்கிறாள். ஓட்டை உரித்து, இரண்டாக நறுக்கி, மிளகு தூவி, டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறாள். பயிற்சிக் கால்சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள். சாயங்காலம் சின்னவள் வாசலில் நுழைந்ததும், இன்னைக்கு எவ்வளவு தூரம்மா என்று கேட்கிறாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மருமகளிலேயே மண்ணும் பொன்னும் இருந்தது.

சாதனை போனால் போகட்டும் என்று பெரியவளால் நினைக்க முடிந்தது. அந்த முட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். அதாவது, செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டாள். குண்டை விட்ட கையோடு பின்காலை முன்னால் மாற்றி, உடம்பைத் தாழ்த்தி நிற்க வேண்டும். சின்னவளுக்கு அது வராது. விட்ட வேகத்தில் உடம்பு முன்னால் சாயும், முன்கால் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் தடுப்புக் கட்டையைத் தேடிப் போகும். கட்டையின் மேல் கால் பட்டால் அந்த எறிதல் செல்லாது. பெரியவள் இதை முதல் வாரமே பார்த்துவிட்டாள். வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அன்றே கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். சின்னவளுக்கு வேறொரு பயிற்சியாளர் இருந்தார், ஓட்டக்காரர். அவர் கண்ணில் அது படவில்லை. அது அவர் பாடு என்று இவள் இருந்துவிட்டாள்.

கல்லூரி விளையாட்டு விழா வந்தது. வீசுகிற போட்டிகளுக்கெல்லாம் வட்டத்து நடுவர் வழக்கம்போலப் பெரியவள்தான். சொந்த ஓர்ப்படி எறியும்போது நான் நிற்கலாமா என்று கேட்கத்தான் துறைத்தலைவர் அறை வரைக்கும் போனாள். கேட்டால், பயந்துவிட்டாள் என்று நினைப்பாரோ என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டாள்.

கடைசிச் சுற்றில் சின்னவள் வட்டத்துக்குள் வந்தாள். புல்தரையில் பழைய சாதனைத் தூரத்தில் ஒரு சின்னக் குச்சி நட்டிருந்தார்கள். சின்னவள் குனிந்து, ஒற்றைக் காலில் சறுக்கி வந்து, எறிந்தாள். குண்டு குச்சியைத் தாண்டி விழுந்து ஒரு குழி பறித்தது. மைதானமே எழுந்து நின்றது.

பெரியவளின் ஒரு கையில் செல்லும் என்பதற்கு வெள்ளைக் கொடி, மறுகையில் செல்லாது என்பதற்குச் சிவப்பு. அவள் குண்டைப் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவளின் காலணி நுனி கட்டையின் மேல்பக்கம் பட்டு இறங்கியது.

சிவப்பைத் தூக்கினாள்.

சத்தம் அடங்கிப் போயிற்று. யாரோ பின்னாலிருந்து ச்சே என்றது தெளிவாகக் கேட்டது. துறைத்தலைவர் வேகமாக வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சரியாப் பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன் சார்.”

சின்னவள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குச் செய்தி பெரியவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மாமியார் சோறு போட்டு வைத்துவிட்டு, சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல் நகர்ந்துவிட்டாள். கொழுந்தன் வெளியூரிலிருந்து போன் பண்ணி அண்ணனிடம் என்னவோ சொன்னான். சாப்பிட்டு முடித்ததும் புருஷன் மெதுவாக ஆரம்பித்தான்.

“நீ பொய் சொன்னேன்னு நான் சொல்லல. ஆனா மனசு எதைப் பாக்கணும்னு நினைக்குதோ, கண்ணு அதைத்தானே பாக்கும்?”

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அவளுக்குப் பொறாமை என்பதை யாரிடமும் அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவே வேண்டியிருக்கவில்லை போல. வீடு முழுக்கத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் கல்லூரிக்கு முதல் ஆளாகப் போய், வட்டத்தருகே உட்கார்ந்து தடுப்புக் கட்டையைப் பார்த்தாள். வெள்ளைப் பெயின்ட்டின் மேல் எத்தனையோ காலணிகளின் தேய்ப்பு. எது யாருடையது என்று எந்தச் சாமிக்கும் தெரியாது. முந்தின நாள் சத்தியம் பண்ணியிருப்பாள். இப்போது கண்ணை மூடினால் கால் ஒருமுறை கட்டையின் மேலே படுகிறது, இன்னொருமுறை உட்பக்கம் மட்டும் படுகிறது. உட்பக்கம் பட்டால் தவறே இல்லை. அப்படியானால் தூக்கியது தன் கையா, தன் வயிற்றெரிச்சலா?

இரண்டு நாள் கழித்து, நடுவர் பயிற்சி வகுப்பில் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து ரொம்பப் பவ்யமாக, நடுவருக்குச் சொந்தக்காரங்க விளையாடினா என்ன விதி மேடம் என்று கேட்டான். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பெரியவள் விதியைச் சொன்னாள். சொல்லும்போது காது இரண்டும் சுட்டது. மணி அடித்ததும் நேராகத் துறைத்தலைவரிடம் போய், இனி அந்த வகுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். வேண்டாம் என்று தடுப்பார் என்று உள்ளூர ஒரு நம்பிக்கை. அவரோ, நானே சொல்லணும்னு இருந்தேன், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பாத்தேன் என்றார்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சின்னவள் மேலே வந்தாள். கொடியிலிருந்து இரண்டு துணியை உருவி மடிப்பது போல மடித்துக்கொண்டு, நடுவர் வகுப்பை விட்டுட்டீங்களாமே என்றாள். பெரியவள் கொடியிலிருந்த போர்வையை இழுத்து மடிக்கத் தொடங்கினாள்.

“அக்கா, என் கால் கட்டை மேல பட்டுச்சு. அப்பவே எனக்குத் தெரியும்.”

பெரியவளின் கையிலிருந்த போர்வை பாதி மடிப்பில் நின்றது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

சின்னவள் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எதற்கெடுத்தாலும் பெரியவளைக் கேள், பெரியவள் சம்பாதிக்கிறாள், பெரியவள் படித்தவள் என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. கல்லூரிக்குப் போனால் அங்கேயும் சுவரில் பெரியவள். உங்க அக்கா மாதிரி வருவியா என்று கேட்காத ஆள் இல்லை.

“அன்னைக்குத்தான் முதல் தடவையா எல்லாரும் என் பக்கம் நின்னாங்க. அது நல்லா இருந்துச்சுக்கா. ரெண்டு நாள் இருக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். நீங்க வகுப்பையே விடுவீங்கன்னு நினைக்கல.”

பெரியவளுக்கு முதலில் வந்தது கோபம். தன் கண்ணையே தான் நம்பாமல் கிடந்த நாட்களுக்கு யார் பதில் சொல்வது? அதன் பின்னாலேயே, கண் பிசகவில்லை என்கிற நிம்மதி வந்தது. அதற்கும் பின்னால் சிரிப்பு வந்தது. தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவும் இந்த வீட்டில் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

“என்னைப் பாத்தா? உனக்குத்தான் முட்டை அவிச்சுக் கொடுக்கிறாங்களே, ராஜாத்தி மாதிரி.”

“அதுவும் உங்களாலதான். பெரியவளை நிறுத்தினது என் தப்பு, உன்னை நிறுத்த மாட்டேன்னு அத்தை என்கிட்ட சொல்லியிருக்காங்க.”

இதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வார்த்தைக்காகப் பெரியவள் எத்தனையோ வருஷம் காத்திருந்தாள், காத்திருப்பதே மறந்துபோகும் வரைக்கும். அது தனக்கு வந்து சேர வேண்டியது. வழியில் இறங்கிச் சின்னவள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டது. முட்டைக்கு எரிந்ததைவிட இதற்கு அதிகமாக எரிந்தது.

போர்வையை மடித்து முடித்தாள். பிறகு, இவ்வளவு பேசிவிட்டவளிடம் தான் மட்டும் நல்லவளாக நிற்பது சரியில்லை என்று பட்டது.

“உன் கால் ஏன் மேல போகுதுன்னு எனக்கு முதல் வாரமே தெரியும். சொல்லல. சொல்லக் கூடாதுன்னே சொல்லல.”

சின்னவள் அவளையே பார்த்தாள். பிறகு துணிக் குவியலை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும், அன்னைக்கு என் கால் பட்டது நிஜம், அக்கா பார்த்தது சரி என்று சொன்னாள். துறைத்தலைவரிடமும் போய்ச் சொன்னாள். அவர் பெரியவளைக் கூப்பிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார். புருஷன் அன்று பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

மூன்றாம் நாள் சின்னவள் வட்டத்தருகே நின்றுகொண்டு, சொல்லுங்க மேடம், கால்ல என்ன தப்பு என்றாள். குரலில் காரம் இருந்தது. பெரியவள் காலணியைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் இறங்கி, குண்டில்லாமலேயே செய்து காட்டினாள். விடு, மாற்று, தாழ். விடு, மாற்று, தாழ். இருவரும் பயிற்சியைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. கால் சரியாக விழுந்த நாளில் பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பாத்திரங்களை உருட்டினாள்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி இவர்கள் மைதானத்திலேயே நடந்தது. நடுவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். பெரியவள் பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாமியார். அவள் அந்த மைதானத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, எது எல்லைக்கோடு, அந்த அம்மா எதற்குக் கொடி பிடித்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவள் எறிந்தாள். விட்டாள், மாற்றினாள், தாழ்ந்து நின்றாள். கால் கட்டைக்கு உள்ளேயே நின்றது. வெள்ளைக் கொடி உயர்ந்தது. நாடாவைப் பிடித்து அளந்தவர் தூரத்தைச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. பெரியவளும் கை தட்டினாள். கை ஒரு பக்கம் தட்டியது, வயிறு ஒரு பக்கம் எரிந்தது. இரண்டும் நிஜம்தான்.

மாமியார் மட்டும் கை தட்டவில்லை. குண்டு விழுந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவளே, நீயும் இப்படித்தான் எறிவியா?”

இதைவிட நன்றாக என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாமியாருக்கு என்ன தெரியப்போகிறது, சொன்னால் நம்பிக்கொள்வாள்.

“இப்படித்தான் அத்தை. இதைவிடக் கொஞ்சம் கம்மியா.”

மாமியார் குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்.

“ஒருநாளாவது வந்து பாத்திருக்கலாம். பாத்திருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன்.”

பெரியவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்வது பொய். கீழே சின்னவள் இவர்கள் இருக்கும் பக்கம் திரும்பி, கண்ணுக்குமேல் கை வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். படி செங்குத்தாக இருந்தது. பெரியவள் எழுந்து, மாமியார் இறங்கக் கை கொடுத்தாள்.