ஐந்து சிவப்புப் பொத்தான்கள்

"ஒண்ணு விடாம வெய்யி. சாமி காரியத்துல கஞ்சத்தனம் கூடாது."

துரைக்கண்ணு சொல்லச் சொல்ல, அம்சவல்லி மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டாள், குங்குமத்தைத் தொட்டாள், பொத்தானில் அப்பினாள். அடுத்த பொத்தான். அதற்கடுத்தது. ஐந்தும் முடிந்தபோது ஐந்தும் ஒரே சிவப்பு.

ஏணியில் நின்று மில்லின் பெயரை எழுதிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் கையில் பிரஷ் நின்றது.

"மொதலாளி, நிறுத்துற பொத்தானை மட்டும் வுட்டுடலாமே? அதுல சின்னதா ஒரு செவப்பு வளையம் போட்டிருக்கேன். எல்லாமே செவப்பாயிட்டா அது எப்படித் தெரியும்?"

"நீ வாய மூடிக்கினு பெயின்ட் அடி."

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் சாமை அரைக்க இருந்த ஒரே மில் அது. அடிவாரத்திலிருந்து வந்து அதைப் போட்டவர் துரைக்கண்ணு. மலைக்கு மின்சாரம் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஏகாம்பரம் ஆலங்காயத்துக்காரன். கடைகளுக்கு போர்டு எழுதுவான், மில்களுக்கு சுவிட்ச் போர்டும் கட்டித் தருவான். இரண்டும் ஒரே தொழில்தான் என்பது அவன் கட்சி. கண்ணை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் இரண்டிலும் விஷயம்.

அவன் முதலில் கட்டிக் கொடுத்த போர்டு வேறு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான், தனியாக, தோள் உயரத்தில். மற்ற நாலும் சின்னதாக, கறுப்பாக, முழங்கை உயரத்தில். எழுத்தே கிடையாது. மில்லை ஓட்டுகிற அம்சவல்லிக்கு எழுத்து தெரியாது என்பதால் மட்டும் அல்ல. பயந்த நேரத்தில் எவனும் படிக்க மாட்டான் என்பதால்.

"ஒரு போர்டுல ஒரே ஒரு ராஜாதான் இருக்கணும் தங்கச்சி. ரெண்டு ராஜா வெச்சா கண்ணு எவனுக்குக் கும்பிடு போடும்?" என்று சொல்லி, கண்ணை மூடச் சொல்லி அடிக்கப் பழக்கினான். பட்டென்று அடிப்பாள். மில் நிற்கும். சிரிப்பாள்.

துரைக்கண்ணுவுக்குப் பிடிக்கவில்லை. மூட்டை சுமந்து வருகிற பெண்களின் தோள் அந்தப் பெரிய பொத்தானில் இடித்துவிடுகிறது, மில் நின்றுவிடுகிறது என்றார். அது பாதிக் காரணம். வேலூரில் ஏதோ ஓட்டலில் பளபளவென்று வரிசையாகப் பொத்தான் வைத்த போர்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அந்தச் செவப்பு, கட்டி கட்டின மாதிரி கீதுப்பா. எடுத்துடு. அஞ்சும் ஒரே சைஸ்ல, ஒரே வரிசையா, மேல லட்சுமி படம். பாக்கறதுக்கு லட்சணமா இருக்கணும்."

வாணியம்பாடியில் அவர் கட்டிக்கொண்டிருந்த புதுக்கடையின் போர்டு வேலை ஏகாம்பரத்துக்கு வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்தான். ஓட, நிறுத்த, காற்றாடி, சல்லடை, விளக்கு. ஐந்து கறுப்புப் பொத்தான், அவற்றின் மேலேயே ஐந்து குட்டி வெள்ளை எழுத்து. மனசு கேட்காமல், இரண்டாவதைச் சுற்றி மட்டும் நூல் மாதிரி ஒரு சிவப்பு வளையம் போட்டுவிட்டு வந்தான்.

அந்த வளையம் போன மாதம் யாருக்கும் தெரியவில்லை. அம்சவல்லியின் புருஷன் சின்னராசு, நழுவிய பெல்ட்டை ஓரமாகத் தள்ளப் போனான். பெல்ட் கையை வாங்கிக்கொண்டது. அவன் அலறியதும் அம்சவல்லி பழைய பழக்கத்தில் தோள் உயரத்தில் அடித்தாள். அங்கே லட்சுமி இருந்தாள். கீழே தடவி ஒன்றை அமுக்கினாள்.

விளக்கு அணைந்தது.

தகரக் கொட்டகையின் இருட்டில், மணிக்கட்டுவரை போன பிறகுதான் சரியான பொத்தான் கிடைத்தது.

துரைக்கண்ணு வந்து பார்த்தார். "அஞ்சு பொத்தான்ல ஒண்ணைக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு, புருஷன் கை இருந்தா இன்னா, போனா இன்னா?" என்றார். பெல்ட்டைக் கழுவச் சொன்னார். சின்னராசு நின்ற இடத்தில் அவன் தங்கச்சி பாஞ்சாலையை நிறுத்தினார். அண்ணனுக்கும் சேர்த்துக் கஞ்சி வேண்டுமே, அவளும் நின்றாள்.

இப்போது ஆயுத பூஜைக்குப் பெயர் எழுத வந்த ஏகாம்பரத்தை அம்சவல்லி முதல் நாளே மடக்கியிருந்தாள்.

"அண்ணா, அந்தப் பெரிய செவப்பைத் திரும்ப வெச்சுடு. பாஞ்சாலைக்கு ரெண்டு கையும் வோணும். கட்டிக்குடுக்க வேண்டிய பொண்ணு."

பூஜையன்று காலை அவன் முதலாளியிடம் கேட்டான். சட்டைப் பையில் பழைய பொத்தானையே கொண்டு வந்திருந்தான். "கால் மணி நேரத்துல மாட்டிடறேன் மொதலாளி."

துரைக்கண்ணு அதை வாங்கி, பாஞ்சாலையின் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

"இன்னாம்மே, பொட்டு மாதிரி நெத்தியில ஒட்டிக்கிறியா? நல்லா கீது." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பொத்தானை ஏகாம்பரத்தின் பெயின்ட் டப்பாவுக்குள் போட்டார். "ஒரு கை போனா இன்னொரு கை வருது. மலையில ஆளுக்கா பஞ்சம்?"

அம்சவல்லி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை. பூஜைக்கு நிறுத்திய மில்லைத் திரும்ப ஓட்டுகிற நாள். துரைக்கண்ணு ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார். போர்டில் அதே ஐந்து சிவப்பு, காய்ந்து இறுகியிருந்தது.

"ஓட்டு!"

அம்சவல்லி முதல் பொத்தானை அமுக்கினாள். பெல்ட் உறுமியது. துரைக்கண்ணு கற்பூரத் தட்டோடு போய் சக்கரத்துக்கு ஆரத்தி காட்டினார். குனிந்து இன்னொரு சுற்று. அங்கவஸ்திரத்தின் நுனி நழுவியது.

தட்டு சிதறியது.

பெல்ட் ஜரிகையைச் சுருட்டி உள்ளே இழுத்தது. கழுத்தில் ஒரு சுற்று ஏற்கெனவே இருந்தது. துரைக்கண்ணு இரண்டு கையாலும் மோட்டார்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்து! நிறுத்துடி!"

அம்சவல்லி போர்டின் முன்னால் நின்றாள். கை உயர்ந்தது. இரண்டாவது பொத்தானுக்கு நேராகப் போனது. பெயரின் மிச்ச எழுத்துக்காக ஏணியேறியிருந்த ஏகாம்பரம் அதைத் தெளிவாகப் பார்த்தான். அங்கே போய், கை நின்றது.

"எந்தப் பொத்தானுங்க மொதலாளி?" என்றாள். "எல்லாம் செவப்பா கீதே."

"ரெண்டாவது! ரெண்டாவது!" ஏகாம்பரம் கத்தினான்.

"இந்தாண்டேர்ந்தா, அந்தாண்டேர்ந்தா அண்ணா?"

அவன் ஏணியிலிருந்து குதித்தான். மெயின் சுவிட்ச் வெளியே பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. சாவி துரைக்கண்ணுவின் அரைஞாணில். வேறு வழியில்லை. அவளைத் தள்ளிவிட்டுப் போர்டை அடைந்தான்.

ஐந்து சிவப்பு. எழுத்தும் வளையமும் குங்குமத்துக்கு அடியில்.

அவன் கட்டிய போர்டுதான். ஆனால் கட்டியது பின்பக்கம் உட்கார்ந்து. ஒயர் மாட்டும்போது பார்த்த வரிசைதான் கையில் ஊறியிருந்தது. முன்னால் வந்தால் அது தலைகீழ். பயந்த நேரத்தில் கை யோசிக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து இரண்டாவதைக் குத்தினான்.

சல்லடை கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

துரைக்கண்ணுவின் கை சட்டத்தைவிட்டு நழுவியது. அப்புறம் கேட்ட சத்தத்தைச் சல்லடை பாதி மறைத்தது.

அம்சவல்லி அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். பார்க்கக்கூட இல்லை. விரல் பொத்தானின் அடி ஓரத்தைத் தொட்டது, அமுக்கியது. மில் நின்றது.

மத்தியானம் போலீஸ் ஜீப் ஏறி வந்தது. இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார்.

"இதுல நிறுத்தறது எதுய்யா?"

யாரும் வாய் திறக்குமுன் அவரே ஒன்றை அமுக்கினார். காற்றாடி சுற்றி, அவர் மீசையெல்லாம் தவிடு பூசியது. கர்சீப்பால் துடைத்துக்கொண்டார்.

"இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலை. விபத்துன்னு போட்டுக்கோ," என்றார் கூட வந்த ஏட்டிடம்.

ஏகாம்பரமும் ஆமென்று தலையை ஆட்டினான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து துரைக்கண்ணுவின் மனைவி சம்பூர்ணம் ஆள் அனுப்பினாள். போர்டை மாற்ற வேண்டும், ஆனால் லட்சுமி படம் இருக்கட்டும் என்று. ஏகாம்பரம் மலையேறினான்.

பழைய பலகையைக் கழற்றித் துடைத்தான். இரண்டாவது பொத்தானின் அடி ஓரத்தில் துணி தடுக்கியது. குங்குமத்தைச் சுரண்டினான். உள்ளே ஒரு புளியங்கொட்டை. அரக்கு வைத்து அழுத்தி ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

அவன் நிமிர்ந்தபோது அம்சவல்லி எதிரில் நின்றாள்.

"எப்ப ஒட்டின?"

"எங்கூட்டுக்காரு கை போன மறுநாளு. பாஞ்சாலைக்கு இன்னா ஆனாலும், இருட்டுலயும் தடவி நிறுத்திடலாம்னு."

"அப்ப அன்னிக்கி..."

"நீயுந்தான் அன்னிக்கி தப்பா அமுக்கின," என்றாள். "உன் போர்டு."

அவன் புளியங்கொட்டையைப் பெயர்த்தான். அவள் கையை நீட்டி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உள்ளங்கை அகலத்துக்கு அந்தச் சிவப்புப் பொத்தானைத் தோள் உயரத்தில் தனியாக மாட்டினான். லட்சுமி படம் பின்சுவருக்குப் போனது. பாஞ்சாலை சாமை மூட்டையை அவிழ்த்தாள். மில் ஓடியது.

அம்சவல்லி கண்ணை மூடிக்கொண்டு பட்டென்று அடித்தாள்.

எல்லாம் நின்றது.

"இப்ப கரெக்டா கீது அண்ணா," என்று சிரித்தாள்.