தூரத்துச் சொந்தம்

எத்தனை தலைமுறை தள்ளியிருந்தால் ஒருவன் செத்ததற்கு அழ வேண்டியதில்லை?

அருந்ததிக்குப் பிடிபடவில்லை. நாகநாதன் காய்ச்சலில் போய்விட்டான் என்று காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்திருந்தது. அவன் அருந்ததியுடைய அப்பாவின் இரண்டுவிட்ட தமையனுடைய மகன். தாயில்லாப் பிள்ளை என்று இவர்கள் வீட்டில்தான் வளர்ந்தான். ஊட்டியதும் குளிப்பாட்டியதும் அவள். அவள் பினாங்குக்குக் கப்பலேறியபோது அவனுக்குப் பல் விழும் வயது.

இன்று அவள் கல்யாணத்துக்குப் பொன்னுருக்கு. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு எந்தச் சாவும் கல்யாணத்தை நிறுத்தாது. அதற்கு முன் தெரிந்தால் துடக்கு, சாவுத் தீட்டு. ஒரு மாதம் நல்ல காரியம் கூடாது. மாப்பிள்ளையின் லீவு அதுவரை தாங்காது.

ரயில்வேயில் கிளார்க்கான அண்ணன் ஆனந்தராஜா விஷயத்தை இங்கிலீஷில் தீர்த்துவிட்டார். டிஸ்டன்ட் ரிலேஷன்; துடக்கில்லை.

அந்தச் சொல்லை அவளே பள்ளிக்கூடத்தில் கற்பித்திருக்கிறாள். கடலுக்கு அப்பால் தெரியும் கெடா மலை டிஸ்டன்ட். துறைமுகத்துக் கப்பலின் சங்கு டிஸ்டன்ட். முகம் கொடுத்துப் பேசாத மனிதரும் அப்படித்தான். ஒரே சொல் எப்படி, டீச்சர், என்று பிள்ளைகள் கேட்டபோது சுலபமாகச் சொல்லிவிட்டாள்: எட்டாதது எல்லாம்.

நாகநாதன் எதில் சேர்த்தி? கடலைப் பார்த்தால் தூரம். ரத்தத்தைப் பார்த்தாலும் தூரம்தான்; அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஆனால் தூக்கத்தில் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டே கிடப்பானே, அதை எதால் அளப்பது? இந்தக் கல்யாணம் அவளுக்கு வேண்டும். அந்த மனிதரைப் பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் அண்ணனின் சொல் இவ்வளவு வசதியாகப் படுகிறதோ என்று பயமாகவும் இருந்தது.

முன்னறையில் மாப்பிள்ளையின் தாய் புஷ்பராணி காத்திருந்தார். பெண்ணின் வாயால் துடக்கில்லை என்று கேட்ட பிறகே பொன்னை நெருப்பில் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

அண்ணன் உள்ளே வந்தார்.

"பிள்ளை, பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வா. துடக்கில்லையெண்டு ஒரு சொல்லு. அதுவே காணும்."

"அவன் எங்களுக்கு ஆர், அண்ணா?"

"இங்கிலீஷ் டீச்சருக்கு நான் சொல்லித்தரவேணுமோ? முப்பது வயசில மாப்பிள்ளை மரத்திலயோ காய்க்கும்?"

அருந்ததி கட்டிலில் கிடந்த பட்டுச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நான் முதல்ல அவனுக்காகத் தலை முழுகவேணும், அண்ணா. மாமியைக் காத்திருக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ."